பதினேழாம் எண் வண்டி

சுப்பீரியர் ஏரிக்கரையில்
பனி விழுவதற்கு முன்பே
அதை எந்தத் தெருவில் முதலில் அள்ளுவது என்று
வாக்கெடுத்து முடித்துவிடுகிறார்கள்.

ஐந்துக்கு நான்கு.
தெருவிளக்கானாலும் தண்ணீர்க் குழாயானாலும்
செத்த மானை அகற்றும் குத்தகையானாலும்
ஐந்துக்கு நான்கு.
ஏரிப்பக்க அணி, மேட்டுப்பக்க அணி என்று
செய்தித்தாள் பெயர் வைத்திருக்கிறது.
மேட்டுப்பக்க அணியில் மூன்று பேருக்கு
வீடு ஏரியைப் பார்த்துத்தான்.

நான் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
இருபத்திரண்டு குளிர்காலம்.
தேர்தல் முடிவை வானொலியில் கேட்பதில்லை.
டிசம்பரில் கைக்கு வரும் தெருப்பட்டியலில் படித்துக்கொள்வேன்:
எது மேலே ஏறியிருக்கிறது,
எது இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியிருக்கிறது.
ஒருமுறை லொரைன் பெஷ் அணி மாறினார்.
அடுத்த வாரமே அவருடைய சந்து
முதல் பக்கம், மூன்றாம் வரி.

பிர்ச் தெரு மட்டும்
யார் வந்தாலும் கடைசி.

போன ஜனவரி, விடியாத நான்கு மணிக்கு
அந்தத் தெருவில் டெக்லா ரூஸ்கா வழுக்கி விழுந்தார்.
ஆம்புலன்ஸ் மேட்டின் அடியிலேயே நின்று
சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
நானோ, குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும்
கோல்ஃப் கிளப் வாசலை வழித்துக்கொண்டிருந்தேன்.
பட்டியலில் இருந்தது.
ரேடியோவில் தெருப்பெயர் கேட்டதும்
வண்டியைத் திருப்பினேன்.

மறுவாரம் கடிதம் வந்தது:
‘அனுமதியின்றித் தடம் விலகியமை.’
இரண்டு பிரதி. ஒன்றில் கையெழுத்துப் போட்டுத்
திருப்பித் தரவேண்டும்.

பிறகு அக்டோபரில் தபாலில் இரண்டு அட்டை,
அணிக்கு ஒன்றாக.
இரண்டிலும் பிர்ச் தெரு. இரண்டிலும் என் வண்டி.
பக்கத்து வீட்டுப் பாவ் லோரின் மகள்
அன்றைக்குப் போனில் எடுத்த ஒரே படம்.
ஒரு அணி அதை இடவலமாய்ப் புரட்டியிருந்தது;
என் பதினேழு
கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றது.
‘உங்கள் தெருவை நாங்கள் மறந்ததில்லை.’

இடுப்பில் உலோகத்தோடு திரும்பியிருந்த டெக்லா
இரண்டு அட்டையையும் மடித்துப்
பூட்ஸுக்குள் வைத்திருந்தார்.
ஈரம் உறிஞ்சுகிறதா என்றேன்.
“மேட்டுக்காரர்களுடையது கொஞ்சம் தடிமன்.
அதற்காகவெல்லாம் ஓட்டுப் போட முடியாது.”

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள்.
எரிந்தாலாவது
நாங்கள் குளிர் காய்ந்திருப்போம்.

தேர்தலுக்கு முந்தைய இரவு ஒன்பது அங்குலம் விழுந்தது.
பட்டியலின் தலையில் வாக்குச்சாவடி:
ஐஸ் ஹாக்கி அரங்கும் அதன் கார் நிறுத்துமிடமும்.
இந்த ஊரில் ஒன்பது பேரும் சேர்ந்து கைதூக்கிய ஒரே இடம்.
கறுப்புத் தார் தெரியும்வரை வழித்தேன்.
உப்பும் போட்டேன்.
ஏழு மணிக்கு ஆறு கார் நின்றது,
அதில் இரண்டு அங்கே வேலை செய்பவர்களுடையது.

மறைப்புக்குள் பேனாவோடு நின்றேன்.
நூலகத்துக்குக் கூடுதல் வரி: ஆம்.
வட்டத்தை அழுத்தி நிரப்பினேன்.
அப்புறம் பெயர்கள்.
பேனா, தடம் மாறும்போது தூக்கிய கலப்பையைப் போல
தாளுக்கு மேலே
தொடாமல் நின்றது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
எதையோ நிரப்பினேன்.
எதை என்று கேட்காதீர்கள்,
சொன்னால் நியாயப்படுத்த வேண்டிவரும்.

வெளியே வந்தால்,
பிள்ளைகளின் சறுக்குப்பலகையில் டெக்லாவை உட்காரவைத்து
கயிற்றைத் தோளில் போட்டு
இழுத்து வருகிறார் பாவ் லோர்.
பிர்ச் தெரு முழுக்க, மேட்டின் சரிவு முழுக்க
வழுக்கிக்கொண்டு வந்த பலகை
நான் வழித்த தார் விளிம்பைத் தொட்டதும்
கரகரவென்று நின்றுவிட்டது.
இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார் பாவ்.
நகரவில்லை.

டெக்லா கீழே பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
“ஊரிலேயே இந்த ஒரு இடத்தை மட்டும்
எதற்குச் சுத்தம் செய்து வைத்தாய்?”